ஈரத்தரை பழகிய குட்டி

எங்கள் வீட்டில் நாய் வளர்க்கலாம் என்று யாரும் உட்கார்ந்து முடிவு செய்யவில்லை. பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் தீபாவளி லீவுக்கு மயிலாப்பூர் வந்தாள். துணி எடுக்க தி. நகர் போனாள். போனவள் இரண்டு சுடிதாரும் ஒரு நாய்க்குட்டியுமாகத் திரும்பி வந்தாள். கொட்டுகிற மழையில், மூடியிருந்த ஒரு செருப்புக் கடையின் படியில் ஒண்டிக்கொண்டிருந்ததாம். துணிப் பையிலிருந்து எடுத்து ஹால் நடுவில் இறக்கிவிட்டாள். அந்த ஜந்து முதல் காரியமாக என்ன செய்தது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. சொன்னது போதும் என்கிற அளவுக்கு இனிமேல் சொல்லப் போகிறேன்.

லீவு முடிந்து மகள் கிளம்பினாள். குட்டி கிளம்பவில்லை. அவள் தங்கியிருந்த ஹாஸ்டலில் நாய்க்கு இடமில்லை. சீக்கிரமே இரண்டு தோழிகளோடு சேர்ந்து ஒரு ஃபிளாட் எடுக்கப் போவதாகவும், எடுத்ததும் வந்து கூட்டிக்கொண்டு போய்விடுவதாகவும் தலையில் அடித்துச் சத்தியம் செய்தாள். ஆனால் தோழிகள் ஒரு நிபந்தனை போட்டிருந்தார்கள். நாய் வரலாம், வீட்டுக்குள் அசிங்கம் பண்ணக் கூடாது. பழகிய நாயாக இருந்தால் கொண்டுவா, இல்லாவிட்டால் வேண்டாம்.

ஆக, விஷயம் தெளிவாக இருந்தது. குட்டி வெளியே போய்வரப் பழகிவிட்டால் பெங்களூர். பழகாதவரை மயிலாப்பூர், அதாவது என் தலை. வேலியில் போன ஓணானை மகள் பிடித்து என் மடியில் விட்டுவிட்டுப் போயிருந்தாள். எப்படியாவது இதைப் பழக்கி ரயிலேற்றிவிட வேண்டும் என்று அன்றே கங்கணம் கட்டிக்கொண்டேன்.

வீட்டில் இன்னொருவர் இருந்தார். என் கணவர். அலுவலகத்திலிருந்து ஓய்வு பெற்றபோது பேச்சிலிருந்தும் ஓய்வு பெற்றுக்கொண்டவர். காலையில் பேப்பர், மதியம் தூக்கம், சாயங்காலம் டி.வி. என்ன கேட்டாலும் ‘ம்’. குழம்பு நன்றாக இருக்கிறதா என்றால் ‘ம்’. நன்றாக இல்லையா என்றாலும் அதே ‘ம்’. கோபம் எதுவும் இல்லை. உடம்புக்கு ஒன்றும் இல்லை என்று டாக்டரும் சொல்லிவிட்டார். பேச என்ன இருக்கிறது என்கிற மாதிரி உட்கார்ந்திருப்பார். நானும் இரண்டு வருடம் அந்த ‘ம்’மோடு குடித்தனம் நடத்திப் பழகிவிட்டேன்.

குட்டி வந்து ஒரு வாரம் இருக்கும். அடுக்களையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். பால்கனியிலிருந்து ஆண் குரல் கேட்டது. யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்துக் கையைத் துடைத்துக்கொண்டு போனால், இவர்தான். குட்டியை மடியில் போட்டுக்கொண்டு, முதன்முதலில் வேலைக்குச் சேர்ந்த ஊரில் ஓட்டல் சாம்பார் எப்படி இருந்தது என்று அதனிடம் விளக்கிக்கொண்டிருந்தார். கல்யாணமான நாளிலிருந்து என்னிடம் சொல்லாத சாம்பார். நாய்க்குக் கிடைத்த மரியாதை நமக்கில்லை என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அப்படியே திரும்பிப் போய் மிச்சக் கீரையை ஆய்ந்தேன்.

பழக்குகிற வேலையில் நாங்கள் சோடை போகவில்லை என்பதைச் சொல்லியாக வேண்டும். முதலில் பால்கனியில் பழைய பேப்பர் விரித்தோம். பிறகு தெருவுக்கு. எங்கள் தெருவில் ஏதாவது ஒரு பழைய வீட்டை இடித்துக்கொண்டோ கட்டிக்கொண்டோ இருப்பார்கள். அப்போதும் மூன்று வீடு தள்ளி ஒரு மணல் குவியல் இருந்தது. குட்டிக்கு அது பிடித்துப் போய்விட்டது. தூங்கி எழுந்தால், சாப்பிட்டு முடித்தால், இவர் அதைத் தூக்கிக்கொண்டு இரண்டு மாடி இறங்கி மணலில் விடுவார். லிஃப்ட் கிடையாது. மேஸ்திரி முறைப்பார். இவர் கால்விரலால் மணலைத் தள்ளி மூடிவிட்டு ஏறி வருவார். கார்த்திகை பிறப்பதற்குள் குட்டி கதவருகில் போய் நின்று முனக ஆரம்பித்தது. வீட்டுக்குள் ஒரு சொட்டு இல்லை. மகளுக்குப் போன் செய்து, ஃபிளாட்டைச் சீக்கிரம் பாருடி, உன் பிள்ளை தயார் என்று பெருமையடித்துக்கொண்டேன்.

அங்கேதான் கண் பட்டது. மதுரையில் இவருடைய அண்ணன் பெண்ணுக்குக் கல்யாணம். நலங்கு, பெண் அழைப்பு, கல்யாணம், மறுவீடு என்று ஐந்து நாள் போக வேண்டும். குட்டியை என்ன செய்வது? அடையாற்றில் என் அக்கா இருக்கிறாள். கேட்டேன். புதிதாக மார்பிள் போட்டிருக்கிறோம் என்று அவள் ஆரம்பித்ததுமே போனை வைத்துவிட்டேன். இவர் மெதுவாக, தான் வேண்டுமானால் இருந்துகொள்வதாகச் சொன்னார். அண்ணன் மகள் கல்யாணத்துக்கு நாயைக் காரணம் காட்டி வராமல் போன சித்தப்பா என்று மதுரை முழுக்கப் பேசுவார்கள், அந்தப் பேச்சையும் நான்தான் கேட்க வேண்டும் என்றேன். ‘ம்’ என்றார்.

கடைசியில் ஈக்காட்டுத்தாங்கலில் நாய்களைத் தங்கவைத்துப் பார்த்துக்கொள்ளும் ஓர் இடம் கிடைத்தது. பழைய லேத் பட்டறை ஷெட். உள்ளே சிமெண்ட் தரை. ஓரமாக வரிசையாய்க் கம்பிக் கூண்டுகள். நடத்துகிறவர் நடுத்தர வயதுக்காரர், நாய்களிடம் உண்மையிலேயே பிரியமானவர். எதைக் கேட்டாலும், “கவலையே வாணாம் மேடம், நம்ம வூட்டுப் புள்ள மாரி பாத்துக்கலாம்” என்றார். மற்றதை எல்லாம் துருவித் துருவிக் கேட்டேன். என்ன சாப்பாடு, எப்போது தண்ணீர், கடிக்கிற நாய் உண்டா, ஊசி போட்ட சீட்டு வேண்டுமா. எங்கே ஒன்றுக்குப் போகும் என்று கேட்கத் தோன்றவில்லை. எங்கள் குட்டிதான் பழகிய குட்டியாயிற்றே.

அந்த ஷெட்காரர் தினமும் குட்டியின் வீடியோ அனுப்பினார், அதையும் சொல்ல வேண்டும். மண்டபத்தில் நலங்கு நடந்துகொண்டிருக்கும்போது இவர் தூண் ஓரமாய் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருப்பார். சம்பந்தி வீட்டார், மாப்பிள்ளையின் வீடியோ என்று நினைத்து எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள். நானும் பார்த்தேன். பளபளவென்று கழுவிவிட்ட ஈரத் தரையில் குட்டி வழுக்கிக்கொண்டு ஓடியது. “எவ்வளவு சுத்தமா வெச்சிருக்கான் பாரு” என்றார் இவர். எனக்கும் திருப்தியாகத்தான் இருந்தது. தரையைக் கழுவுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு உடனே மரியாதை வந்துவிடும். என் புத்தி அப்படி.

ஊரிலிருந்து வந்து, குட்டியை அழைத்துக்கொண்டு வீட்டுக்குள் நுழைந்தோம். ஐந்து நாள் பூட்டிக் கிடந்த வீடு. பையைக்கூடப் பிரிக்காமல் முதல் வேலையாக ஹாலைத் துடைத்தேன். நான் துணியைப் பிழிந்து நிமிர்வதற்குள், ஹால் நடுவில், துடைத்த ஈரம் காயாத இடத்தில், குட்டி சாவகாசமாகக் குந்தி உட்கார்ந்தது. முகத்தில் ஒரு வெட்கம் வேண்டுமே. தவறு செய்கிறோம் என்கிற குறுகுறுப்பு வேண்டுமே. நல்ல பிள்ளையாக என்னை நிமிர்ந்து பார்த்துக்கொண்டே ஒன்றுக்குப் போனது.

பயண அலுப்பு, இடம் மாறிய குழப்பம் என்று முதல் நாள் விட்டுக்கொடுத்தேன். அன்று சாயங்காலம் மறுபடி. மறுநாள் காலை மறுபடி. பழைய குருடி, கதவைத் திறடி. அதுவரை நான் வெறும் தண்ணீரில் துடைத்துக்கொண்டிருந்தவள். நாற்றம் பொறுக்காமல், நல்ல காட்டமான பினாயிலாகப் பார்த்து வாங்கி வரச் சொன்னேன். வாளியில் தாராளமாக ஊற்றி, மூலை முடுக்கெல்லாம் வழித்துத் துடைத்தேன். துடைத்து முடித்ததும் குட்டி எங்கிருந்தோ வாலை ஆட்டிக்கொண்டு வரும். மோந்து பார்க்கும். குந்தும். நான் கத்துவேன். மறுபடி பினாயில். மறுபடி அது. சில நாட்களில் என் வாழ்க்கை இந்த ஒரே வாளிக்குள் சுருங்கிவிட்டது. பாத்திரம் தேய்க்க வருகிற பெண், நாய் மூத்திரத்தைத் தொடச் சொன்னால் வேறு வீடு பார்த்துக்கொள்வதாக முதல் நாளே சொல்லிவிட்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். எனக்கும் வேறு வீடு பார்க்க வழியிருந்தால் போயிருப்பேன்.

மணல் குவியல் என்னாயிற்று என்றால், அது அங்கேயேதான் இருந்தது. இவர் தூக்கிக்கொண்டு போவார். குட்டி மணலில் நின்று வேடிக்கை பார்க்கும். காக்காயைத் துரத்தும். மேஸ்திரியிடம் வாலாட்டும். செய்ய வேண்டியதை மட்டும் செய்யாது. வயிற்றில் பத்திரமாக வைத்திருந்து, இரண்டு மாடி ஏறி வந்து, நான் துடைத்து வைத்த இடத்தில் இறக்கும். மகள் போனில் ஏதேதோ யோசனைகள் சொன்னாள். வெளியே போனால் கைதட்டிப் பாராட்ட வேண்டுமாம். இவர் விடிகாலையில் தெருவில் நின்று, ஒன்றுமே செய்யாத நாயைப் பார்த்துக் கைதட்டிக்கொண்டிருந்தார். பால்காரர் என்னிடம், “சாருக்கு ஒடம்பு எதனா சரியில்லையாம்மா?” என்று விசாரித்தார்.

எனக்கு ஒரு சந்தேகம் தட்டியது. தட்டியது மட்டுமல்ல, ஊன்றி வேர் பிடித்துவிட்டது. இந்த மனுஷன் வேண்டுமென்றே செய்கிறாரோ? பழகிவிட்டால் பெங்களூர் போய்விடும். பழகாமலிருந்தால் இங்கேயே இருக்கும். தெருவில் இரண்டு நிமிடம் நிற்க வைத்துவிட்டு மேலே கூட்டி வந்துவிடுகிறாரோ? ஒருநாள் முகத்துக்கு நேரே கேட்டுவிட்டேன். நான் முதுகு ஒடியத் துடைக்கிறேன், நீங்கள் உள்ளுக்குள் சந்தோஷப்படுகிறீர்களா என்று. குட்டியைப் பார்த்தார், வாளியைப் பார்த்தார். என்னிடமிருந்து துணியை வாங்கித் தானே மண்டியிட்டுத் துடைக்க ஆரம்பித்தார். ஒழுங்காகவும் துடைக்கத் தெரியவில்லை. ஹால் முழுக்கக் குளம். குட்டி ஓடி வந்து அவர் பக்கத்திலேயே குந்தியது. அதற்கு மேல் சண்டை போட எனக்குத் தெம்பில்லை.

அந்தச் சமயம் பார்த்து மகள் போன் செய்தாள். ஃபிளாட் கிடைத்துவிட்டது. தை பிறந்ததும் குடிபோகிறார்கள். குட்டி தயாரா? தயாராகத்தான் இருந்தது, கெடுத்து வைத்துவிட்டோம், இப்போது அனா ஆவன்னாவிலிருந்து ஆரம்பிக்க வேண்டியிருக்கிறது என்றேன். தோழிகள் கண்டிப்பானவர்கள் அம்மா, எப்படியாவது அதற்குள் பழக்கிவிடு என்றாள். ஏதோ நான் பரீட்சைக்குப் படிக்காமல் ஏமாற்றுகிற மாதிரி.

மார்கழி பிறந்தது. எங்களுக்கு எதிர் ஃபிளாட்டில் ஒரு மாமி இருக்கிறாள். என்னைவிடச் சில வயது மூத்தவள், தனியாக இருப்பவள், வாய் கொஞ்சம் கூர். மார்கழி முழுக்க, இரண்டாவது மாடி நடைபாதை என்றும் பார்க்காமல், தன் வாசலை வாளித் தண்ணீர் விட்டுக் கழுவி, ஈரத்தோடு பெரிய கோலமாகப் போட்டுக் காவி இட்டுவிடுவாள். என் வாசலில் ஒட்டின ஸ்டிக்கர் கோலம்தான், வருடம் முழுக்க. அதற்காக மாமி என்னை மனசுக்குள் மன்னித்ததே கிடையாது. முதல் நாள், கோலம் போட்டுவிட்டு அவள் காபி கலக்க உள்ளே போயிருக்கிறாள். இவர் குட்டியைக் கீழே கூட்டிப்போகக் கதவைத் திறந்திருக்கிறார். குட்டி படிக்கட்டுப் பக்கம் திரும்பவே இல்லை. நேரே போய் கோலத்தின் நட்டநடுவில் குந்திவிட்டது. காவியும் மாவும் கரைந்து ஓடியது.

நான் ஓடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். கழுவிக் கொடுத்தேன். குழந்தை மாதிரி, தெரியாமல் செய்துவிட்டது என்றேன். மாமி மறுபடி கோலம் போட்டாள். மறுநாள் இவர் சங்கிலியை இறுக்கிப் பிடித்துக்கொண்டுதான் போனார். குட்டி அவரையும் இழுத்துக்கொண்டு போய் ஓரத்திலாவது ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தது. அதற்கடுத்த நாள் மாமி காபி கலக்கப் போகவில்லை. கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றாள். அவள் கண்ணெதிரிலேயே நடந்தது.

மாமி குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

“உங்காத்து வாசல்லயும் ஒரு கோலம் இருக்கு. அதுல ஒரு நாளாவது போயிருக்கோ? எங்காத்து வாசலைத் தேடிண்டு வரதே. நாய்க்கு என்ன தெரியும்? நாம சொல்லிக் குடுக்கறதுதான்” என்றாள்.

அபாண்டம். மாமியின் கோலத்தின் மேல் நாயை ஏவிவிடுகிற அளவுக்கு நான் தாழ்ந்துவிட்டேனா? கதவைச் சாத்திக்கொண்டு, இவரை ஒரு பாட்டம் திட்டித் தீர்த்தேன். குட்டியை ஒரு பாட்டம். திட்டும்போதே எனக்கு விளங்கிவிட்டது, உண்மையில் திட்ட வேண்டியது அந்த ஈக்காட்டுத்தாங்கல் ஆசாமியை. போகும்போது பழகின குட்டி, வரும்போது காட்டு மிருகம். ஐந்து நாளில் அங்கே என்ன நடந்தது? இவர் போனில் கேட்கலாமே என்றார். போனில் சண்டை போட்டால் எனக்குச் சண்டை போட்ட மாதிரியே இருக்காது. மறுநாள் காலையில் காபியைக் குடித்துவிட்டு ஆட்டோ பிடித்தேன். கிண்டி தாண்டும்வரை கேட்க வேண்டிய கேள்விகளை மனசுக்குள் அடுக்கிக்கொண்டே போனேன்.

ஷட்டர் பாதி ஏறியிருந்தது. அவர் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு கையில் வாளியோடு நின்றார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் சிரிப்பு. “வா மேடம், உக்காரு. தோ, கழுவி வுட்டுட்டு வந்துர்றேன்” என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைத் தள்ளினார். வாளியைச் சாய்த்துத் தரை முழுக்கத் தண்ணீரை வீசினார். தென்னந்துடைப்பத்தால் சரசரவென்று தள்ளினார். வாசனை மூக்கில் ஏறியது. எங்கள் வீட்டு ஹால் வாசனை. அதே காட்டம், அதே பினாயில்.

தரை இன்னும் ஈரமாக மின்னும்போதே ஒவ்வொரு கூண்டாகத் திறந்துவிட்டார். பெரிது, சிறிது, குண்டு, ஒல்லி என்று ஒரு பட்டாளம் வெளியே வந்தது. பள்ளிக்கூடத்தில் ஒன்றுக்கு மணி அடித்தது போல, அத்தனையும் அந்த ஈரத் தரையில் ஆளுக்கொரு இடம் பார்த்து வேலையை முடித்தன. அவர் மறுபடி ஒரு வாளி ஊற்றித் தள்ளினார். “டெய்லி இப்டித்தான் மேடம். கழுவனவொடனே எல்லாம் ஒண்ணா முட்ச்சிரும். நமக்கும் வேல சுளுவு” என்று சொல்லிக் கையைத் துடைத்துக்கொண்டு, “குட்டி எப்டி கீது?” என்று ஆசையாகக் கேட்டார்.

நல்லா இருக்கு என்றேன். சும்மா இந்தப் பக்கம் வந்தேன் என்றேன். வேறு என்ன சொல்ல?

திரும்பி வரும் ஆட்டோவில் எனக்கு ஒவ்வொன்றாக விளங்கிக்கொண்டே வந்தது. அந்தக் குட்டி ஒன்றையும் மறக்கவில்லை. ஐந்து நாளும் ஒழுங்காகப் பாடம் படித்திருக்கிறது. தரை ஈரமாக இருந்தால் அதுதான் இடம், இந்த வாசனையும் அடித்தால் சந்தேகமே இல்லை. தூங்கி எழுந்து, கழுவின தரைக்காகக் காத்திருந்து போக வேண்டும். காய்ந்த மணலில் போவது நாகரிகமில்லை. வீட்டுக்கு வந்து பார்த்தால், நான் காலையும் மாலையும் ஹாலை ஈரமாக்கி, வாசனை தெளித்து, வா கண்ணா வா என்று பலகை மாட்டாத குறையாக வரவேற்றுக்கொண்டிருக்கிறேன். அது போக, நான் துடைக்க. நான் துடைக்க, அது போக. மாமியின் வாசல் ஈரம், அதனால் போனது. என் வாசலில் தண்ணீர் படாத ஸ்டிக்கர், அதனால் போகவில்லை. மாமி சொன்னது கிட்டத்தட்ட சரி. சொல்லிக் கொடுத்தது நான்தான். வீட்டைச் சுத்தமாக வைக்கிறேன் பேர்வழி என்று பினாயில் பாட்டில் பாட்டிலாக ஊற்றிச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். கோபப்படுவதற்கு ஆள் கிடைக்காத கோபம் இருக்கிறதே, அதைப் போல ஒரு அவஸ்தை கிடையாது. ஆட்டோக்காரர் மீட்டர் போடாததற்கு அவரிடம் கொஞ்சம் கத்திப் பார்த்தேன். போதவில்லை.

வீட்டுக்கு வந்து, பினாயில் பாட்டில்களை எடுத்துக் கீழே வாட்ச்மேனிடம் கொடுத்துவிட்டேன். இவர் கவனித்துவிட்டு, பினாயில் எங்கே என்று கேட்டார். தீர்ந்துவிட்டது என்றேன். முந்தின நாள்தான் இரண்டு பாட்டில் வாங்கி வந்து வைத்திருந்தார். என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ‘ம்’ என்றார். அன்றிலிருந்து ஈரத்துணியை ஒட்டப் பிழிந்து, குட்டி கீழே போயிருக்கும் நேரத்தில் மட்டும் துடைத்தேன். ஃபேனை முழு வேகத்தில் வைத்துத் தரை காய்ந்த பிறகுதான் மேலே வரவிட்டேன். குளியலறைக் கதவு எப்போதும் சாத்தியே இருந்தது. மொட்டை மாடியில் துணி காயப்போடுகிற மாதிரி வீட்டுத் தரையைக் காயப்போட்டுக்கொண்டிருந்தேன்.

மாமியிடமும் போய்ச் சொல்ல வேண்டியிருந்தது. குட்டிக்கு ஈரத்தைக் கண்டால் அப்படித் தோன்றிவிடுகிறது என்று விளக்கினேன். அப்படியென்றால் மார்கழி மாசத்தில் தான் வாசல் தெளிக்கக் கூடாதா என்று அவள் கேட்டது நியாயமான கேள்வி. நாங்கள் தூக்கிக்கொண்டு போகிறோம் என்று ஒப்புக்கொண்டேன். குட்டி அதற்குள் நன்றாகச் சதை போட்டிருந்தது. இவருக்கு முட்டி வலி வேறு. தினமும் காலையில் அதைக் குழந்தை மாதிரி தோளில் போட்டுக்கொண்டு, மாமியின் கோலத்தை மிதிக்காமல் சுவரோரமாக ஒதுங்கி, ஒவ்வொரு படியாக இறங்குவார். மாமி கோலமாவு டப்பாவைக் கையில் பிடித்தபடி காவல் நிற்பாள். இவர் படி திரும்பும் வரை மூன்று பேரும் மூச்சுவிட மாட்டோம்.

மணலுக்கும் குட்டிக்கும் பழைய சிநேகம் திரும்ப நாளாயிற்று. முதலில் நின்றது. பிறகு மோந்தது. ஒரு காலை இவர் வெற்றிகரமாகக் கைதட்டுகிற சத்தம் பால்கனி வரை கேட்டது. அதற்குப் பிறகும் வீட்டுக்குள் இரண்டொரு முறை சறுக்கியது. தண்ணீர்ச் செம்பு கவிழ்ந்த இடத்தில் ஒருமுறை, மழைச்சாரல் அடித்த பால்கனியில் ஒருமுறை. போகப் போக அதுவும் நின்றது. போகிக்கு முன்னால் ஒருநாள், இவர் தூக்க மறந்து அதை நடத்திக் கூட்டிப்போய்விட்டார். மாமியின் கோலம் ஈரமாக மின்னிக்கொண்டிருந்தது. குட்டி ஓரத்தில் நின்று மோந்தது. மாமி டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். ஒரு தும்மல் போட்டுவிட்டு அது படியிறங்கி ஓடிவிட்டது. “பரவாயில்லையே, புத்தி வந்துடுத்தே” என்றாள் மாமி. அன்று சாயங்காலம் ஒரு கிண்ணத்தில் வெண்பொங்கல் கொண்டுவந்து கொடுத்தாள். எங்களுக்கா, அதற்கா என்று சொல்லவில்லை.

தை பிறந்து மாசம் முடியப் போகிற நேரம். ஒருநாள் காலை அடுப்பில் வேலையாக இருந்தேன். போன் அடித்தது. இவர் எடுத்தார். எப்போதும் எடுத்த கையோடு என்னிடம் நீட்டிவிடுவார். அன்று நீட்டவில்லை. நாற்காலியில் உட்கார்ந்து பேசினார். காலடியில் குட்டி படுத்திருந்தது. மகள் என்ன கேட்டாள் என்று எனக்குத் தெரியும். வாரா வாரம் அதையேதான் கேட்டுக்கொண்டிருந்தாள். ஒரு மாசம் சறுக்காமல் இருக்கட்டும், அப்புறம் சொல்கிறேன் என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தேன்.

“நல்லாப் பழகிடுச்சும்மா. ஒரு மாசமா வீட்டுக்குள்ள ஒண்ணுமே இல்ல. நீ வந்து கூட்டிட்டுப் போலாம்” என்றார். கொஞ்சம் நிறுத்தி, “அம்மாவால குனிஞ்சு துடைக்க முடியலம்மா. பாவம், ரொம்பக் கஷ்டப்பட்டுட்டா” என்றார்.

எனக்கு வந்த கோபத்தை என்ன சொல்ல. எத்தனை நாள், எத்தனை கேள்வி, எல்லாவற்றுக்கும் ஒரு ‘ம்’ போட்டு ஓட்டின மனுஷன். வாயைத் திறக்கக் கூடாத ஒரே ஒரு நாள் பார்த்துத் திறக்கிறார். அதுவும் மணிமணியாக, ஒன்றுவிடாமல், சத்தியவந்தனாக. ஒரு கை போனைப் பிடித்திருந்தது. இன்னொரு கை கீழே தொங்கி, குட்டியின் காதைத் தடவிக்கொண்டிருந்தது. தான் தடவுவது அவருக்கே தெரிந்திருக்காது. அதைப் பார்த்ததும், இது போய்விட்டால் இந்த வீட்டில் மறுபடி யாரும் யாரிடமும் பேசப் போவதில்லை என்று பயந்து போனேன்.

அடுப்பை அணைத்துவிட்டு வந்து போனைப் பிடுங்கினேன்.

“அப்பா சொல்றத நம்பாத. இன்னிக்குக் காலையிலகூட ஹால் நடுவுல போயிருக்கு. இப்பதான் துடைச்சிட்டு வரேன்” என்றேன்.

மகள் பெருமூச்சு விட்டாள். அப்படியென்றால் தோழிகள் ஒப்புக்கொள்ள மாட்டார்கள் என்றாள். இன்னும் கொஞ்ச நாள் அங்கேயே இருக்கட்டுமா என்று தயங்கித் தயங்கிக் கேட்டாள். வேறென்ன செய்வது, என் தலையெழுத்து, இருந்து தொலையட்டும் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஹால் தரை காய்ந்து கிடந்தது. இவர் தரையைப் பார்த்தார், குட்டியைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

“பொய் சொல்லிட்டியே” என்றார்.

“நாய்தானே. என்னிக்காவது ஒருநாள் பண்ணத்தான் போகுது. நான் கொஞ்சம் முன்னாடியே சொல்லிட்டேன், அவ்வளவுதான்” என்றேன்.